வயிற்றில் பிள்ளையோடு அம்மை கண்டபோது

எனக்குச் சின்னம்மை வந்தபோது கர்ப்பம் 17 வாரம். முதல் பிள்ளை. மதுரையில் வாடகை வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். இப்போது மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் ராத்திரியெல்லாம் போனில் தேடித் தேடிப் படித்தவற்றில் கடைசியில் அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் எழுதியிருக்காது. ஒவ்வொன்றையும் அதற்காகவே கடைசி வரி வரை படிப்பேன், அது இல்லாமலே முடியும். இதைப் படிக்கிற யாராவது இப்போது உடம்பில் கொப்புளத்தோடும் வயிற்றில் பிள்ளையோடும் இருந்தால், கீழே படிக்கும் முன் உங்கள் பிரசவ டாக்டருக்குப் போன் போடுங்கள். முதல் கொப்புளம் தெரிந்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன். பேசிவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

பங்குனி மாதம், சாத்தூர் பக்கம் எங்கள் மாமியார் ஊரில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு, சொந்தக்காரர் கூட்டம், நல்ல வெயில். அந்தப் பையனுக்கு என்மேல் ரொம்பப் பிரியம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு என் மடியில்தான் படுத்திருந்தான். உடம்பு லேசாகச் சுட்டது. அலைச்சல், அழுகை, காது வலி என்று எல்லாரும் நினைத்தோம், அப்படித்தான் நினைக்கவும் தோன்றும். நாங்கள் மதுரைக்குத் திரும்பிய மறுநாளோ அதற்கு மறுநாளோ நாத்தனார் போன் செய்தாள். "மதினி, தம்பிக்கு முத்துப் போட்டிருக்கு. வாசல்ல வேப்பிலை சொருகிட்டோம். நீங்க மாசமா இருக்கீங்க, தண்ணி ஊத்துற வரைக்கும் இந்தப் பக்கம் வந்துறாதீங்க." அவள் அக்கறையோடுதான் சொன்னாள். அம்மை போட்ட வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சி போகக்கூடாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அது நல்ல கட்டுப்பாடும்கூட. வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், அந்த வீட்டுக்காரர்களும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். ஆனால் சின்னம்மைக் கிருமி கொப்புளம் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை சொருகும்போது எனக்கு வர வேண்டியது வந்து முடிந்திருந்தது.

அன்றைக்கே என் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன், சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று. "உனக்கு எங்க போட்டுச்சு, உங்க அண்ணனுக்குத்தான். அப்ப உன்னையத் தூக்கிட்டுப்போய் ஆச்சி வீட்டுல விட்டுட்டோம்ல" என்றார். அந்த ஒரு பதிலில் எல்லாமே இருந்தது, அதற்கு மேல் என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே மாதாந்தரப் பரிசோதனை இருந்தது. எடையும் பிரஷரும் பார்க்கிற இடத்தில் இந்த விஷயத்தைச் சொன்னேன். "காய்ச்சல் வந்தா வாங்க, இப்ப ஒண்ணும் இல்லைல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அறைக்குள் இருந்தது ஓரிரு நிமிடம். இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் செய்யக்கூடியது நிறைய இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அம்மை கண்டவரோடு ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே, முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசினாலே, அது கணக்கில் எடுக்க வேண்டிய தொடர்பு. நிச்சயமாகச் சின்ன வயதில் வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கும். வரவில்லை என்றாலோ, சரியாகத் தெரியாது என்றாலோ, வெரிசெல்லா ஐஜிஜி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். (டார்ச் டெஸ்ட் என்று ஒரு கட்டாக எடுக்கச் சொல்வார்களே, அதில் பல இடங்களில் சின்னம்மை சேர்ந்திருக்காது. சீட்டில் பெயர் தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தால், தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள், எதிர்ப்புச் சக்தியை நேரடியாக உடம்புக்குத் தருகிற இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். அந்த ஊசி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். அதற்குப் பதிலாகத் தொடர்பு ஏற்பட்ட 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுக்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. கொப்புளம் வந்த பிறகு இம்யூனோகுளோபுலின் ஊசியால் பயன் இல்லை. அதனால் "காய்ச்சல் வந்தால் வாங்க" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடாதீர்கள். "எனக்குச் சின்ன வயசுல வரல, அம்மை போட்ட பிள்ளை மடியில படுத்திருந்துச்சு, இந்தத் தேதி" என்று டாக்டரிடமே சொல்லுங்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இது அடிக்கடி நடப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. குளிர் நாடுகளில் சின்னம்மை பெரும்பாலும் சின்னப் பிள்ளையிலேயே வந்து போய்விடுகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அது வராமலே வளர்ந்து பெரியவர்களாகிறவர்கள் அதிகம். அப்படி வளர்ந்தவர்களுக்குக் கல்யாண வயதில், பிள்ளை பெறுகிற வயதில் வருகிறது. பெரியவர்களுக்கு வந்தால் அது பிள்ளைகளுக்கு வருவது மாதிரி லேசாகவும் இருப்பதில்லை.

தொடர்பு ஏற்பட்டு 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளிப்படலாம் என்பார்கள். எனக்கு நடுவில் வந்தது. ஒரு மாலை முதுகும் இடுப்பும் அடித்துப்போட்டது மாதிரி வலித்தது, ராத்திரி காய்ச்சல். விடிந்து குளிக்கப் போனபோது நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள், மத்தியானத்துக்குள் அதில் சில நீர் கோத்துக்கொண்டன. எனக்குக் கை நடுங்கியது. வயிற்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வயிற்றுத் தோலின் மேலே கொப்புளம் வந்தால் உள்ளே பிள்ளைக்கும் வந்துவிடும் என்று ஒரு எண்ணம், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அதில் உண்மை இல்லை, கொப்புளம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் அதைச் சொல்ல வீட்டில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வரவேற்பில் எடுத்தவர், "அம்மைன்னா இங்க வராதீங்கம்மா, மத்த கர்ப்பிணிங்க உட்கார்ந்திருக்காங்க. ஸ்கின் டாக்டரைப் பாருங்க" என்று வைத்துவிட்டார். வர வேண்டாம் என்று சொன்னது சரிதான், அந்தக் கூடத்தில் இருக்கிற இன்னொரு பெண்ணுக்கு என்னிடமிருந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் டாக்டரிடம் லைன் கொடுக்கவில்லை, சேதியும் போகவில்லை. தோல் டாக்டர் வாசலிலேயே வைத்துப் பார்த்தார், சின்னம்மைதான் என்றார், தடவுவதற்குக் காலமைனும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் எழுதினார். "வைரஸுக்கு மாத்திரை இருக்கு, ஆனா நீங்க கர்ப்பமா இருக்கீங்க, உங்க டாக்டர் சொன்னாத்தான் எழுதுவேன்" என்றார். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார். ஒருவர் இன்னொருவரைக் கை காட்ட, அந்த நாளும் மறுநாளும் போய்விட்டன.

அசைக்ளோவிர் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், டாக்டரிடம் நீங்கள் சரியான கேள்வி கேட்பதற்காக. பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, 7 நாள். கர்ப்பிணிகள் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிற மருந்து, அதனால் பிள்ளைக்கு ஊனம் வருகிறது என்று தெரியவரவில்லை. 20 வாரம் தாண்டியவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் தயங்காமல் கொடுக்கச் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் என்றால் டாக்டர் நிலைமையைப் பார்த்து முடிவெடுத்துக் கொடுக்கலாம். நான் 17 வாரம் என்பதால் அந்த முடிவை யாராவது ஒருவர் எடுத்திருக்க வேண்டும். முழுக் கோர்ஸுக்கும் மருந்துக் கடையில் ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகியிருக்கும். நீங்கள் போன் செய்யும்போது "அம்மை போட்டிருக்கு, வரலாமா" என்று கேட்காதீர்கள், வராதே என்றுதான் பதில் வரும். "இத்தனை வாரம் கர்ப்பம், இன்னைக்குக் காலைல கொப்புளம் வந்துச்சு, ஆன்டிவைரல் மருந்து தொடங்கணுமான்னு டாக்டர் இன்னைக்கே சொல்லணும், நான் வெளியில வண்டியிலேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் 104க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். கிராமத்தில் இருப்பவர்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுத்த நர்சம்மாவுக்குச் சொன்னால் அவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் பேசிவிடுவார்.

இதற்கிடையே அத்தை, என் மாமியார், ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டார். அவர் வந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லாமல் போனால் பாவம். வந்ததும் வாசலில் வேப்பிலை சொருகினார், தரையில் வெள்ளைத் துணி விரித்து வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கவைத்தார், சட்டியில் மஞ்சள் தண்ணீர் வைத்தார். வீட்டில் தாளிப்பு நின்றது. கூழும் இளநீரும் மோரும் வேளாவேளைக்கு வந்தன. அரிப்பு தாங்காமல் நான் சொறியப் போகும்போதெல்லாம் வேப்பங்கொழுந்தால் வருடிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார். ஆனால் மாத்திரை என்றதும் முகம் மாறிவிட்டது. "வேணாம் தாயி. ஆத்தா வந்திருக்கா, குளுந்து தானா எறங்குவா. மருந்து தின்னா கோவிச்சுக்குவா. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அவளைச் சீண்டக்கூடாது." அந்த வயிற்றுப் பிள்ளையைச் சொன்னதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. மருந்து சாப்பிட்டு ஏதாவது ஆகிவிட்டால் காலம் முழுக்க அந்தப் பேச்சு என்மேல் இருக்கும் என்று பயந்தேன். சாப்பிடாமல் ஏதாவது ஆனாலும் என்மேல்தான் வரும் என்றும் தெரிந்திருந்தது. தனியாக மாட்டிக்கொண்டோம் என்று அன்றைக்கு நினைத்தேன், வீடு நிறைய ஆள் இருந்தும்.

அடுத்து இருமல் வந்தது. வறட்டு இருமல், நெஞ்சைப் பிடிக்கிறது மாதிரி. கொப்புளம் தொண்டைக்குள்ளேயும் இருப்பதால் என்று நினைத்தோம். ராத்திரி அவரிடம் தண்ணீர் கேட்கும்போது ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினேன். அவர்தான் கவனித்தார். அத்தையிடம் ஒன்றும் கேட்கவில்லை, 108க்குப் போன் போட்டுவிட்டார். கர்ப்பிணி, சின்னம்மை, மூச்சுத் திணறல் என்று மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொன்னார். அதனால் வந்தவர்கள் முகக்கவசத்தோடு, ஆக்சிஜன் தயாராக வந்தார்கள். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் பெரிய ஆபத்து இதுதான், நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆவது. பத்தில் ஒருவருக்கு வரை அப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னார், மாதம் ஏற ஏற அது இன்னும் கடுமையாக இருக்குமாம். எல்லாரும் பிள்ளையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம், அப்போது உயிருக்கு ஆபத்தில் இருந்தது நான். இருமல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, தாங்க முடியாத தலைவலி, பிதற்றல், கொப்புளத்தில் ரத்தம் கோப்பது, ஆறாவது நாளுக்குப் பிறகும் புதிதாகக் கொப்புளம் வந்துகொண்டே இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் தனி அறை இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றதும் நான் முடியாது என்று அழுதேன். வயிற்றை மறைத்து எடுக்கிற ஒரு மார்பு எக்ஸ்ரேயில் பிள்ளைக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு, நிமோனியாவைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து என்று அந்த இரவுப் பணி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசியது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்புறம் நரம்பு வழியே அசைக்ளோவிர், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. அந்த மருந்து சிறுநீரகத்தில் படியாமல் இருக்க நிறையத் தண்ணீர் போக வேண்டும் என்பதால் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது, சிறுநீரையும் அளந்து குறித்தார்கள். மூக்கில் ஆக்சிஜன். தன் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோன ஒரு நர்ஸ் மட்டும்தான் உள்ளே வருவார். தினமும் டாப்ளரை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைப்பார். அதற்காக ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடப்பேன்.

அத்தையை மாற்றியதும் அந்த டாக்டர்தான். அவரும் தெற்கத்திக்காரர். "பாட்டி, வேப்பிலை வைங்க, கூழ் குடுங்க, ஆத்தாவைக் கும்பிடுங்க, யார் வேணாம்னா? மருந்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார். பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலத்தில் உண்டான பழக்கம் இது என்றும் சொன்னார். அதற்கு ஒருவர் செய்யக்கூடியதெல்லாம் தனியாகப் படுக்கவைத்து, குளிர்ச்சியாகக் கொடுத்து, வேண்டிக்கொண்டு காத்திருப்பதுதான். அந்தப் பெரியம்மை இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவித்தது 1977இல். சின்னம்மைக்கு மருந்து இருக்கிறது. அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப அந்த மருந்தும் அவ குடுத்ததுதான்னு வச்சுக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து மாத்திரை வேளையை எனக்கு நினைவுபடுத்தியதே அவர்தான். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். சாமியை எதிர்த்து வாதாடாதீர்கள், வீட்டில் அது ஜெயிக்காது, தேவையும் இல்லை. டாக்டரை நேரடியாகப் பெரியவர்களிடம் பேசவையுங்கள். பழக்கத்தில் நான் மறுத்தது இரண்டு. ஒன்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை குளிக்காமல் இருப்பது. கொப்புளத்தில் வேறு கிருமி சேர்ந்து சீழ் பிடிக்காமல் இருக்க வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் மென்மையாகக் கழுவச் சொன்னார்கள். இன்னொன்று, உடைந்த கொப்புளத்தின்மேல் வேப்பிலை மஞ்சள் விழுதைப் பூசுவது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, முக்கியமாக இப்யூபுரூபன், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

பணம். தனி அறை, தீவிர சிகிச்சைக் கண்காணிப்பு, மருந்து, பரிசோதனை எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அவர் கம்பெனியின் காப்பீடு இருந்தது, முழுவதும் வந்துவிடும் என்று தெம்பாக இருந்தோம். பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. காரணம் அறை வாடகை. பாலிசியில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உச்ச வரம்பு இருக்கும். அதற்கு மேல் வாடகை உள்ள அறையில் சேர்ந்தால் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள், டாக்டர் கட்டணம் முதலான மற்றவற்றையும் அதே விகிதத்தில் கழித்துவிடுவார்கள். எங்களுக்குத் தனிமைப்படுத்தும் அறை அது ஒன்றுதான் இருந்தது, நாங்கள் வசதிக்காகக் கேட்கவில்லை. "தொற்று நோய் என்பதால் தனிமை அறை மருத்துவ ரீதியாக அவசியம்" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு மேல்முறையீடு செய்து இன்னும் கொஞ்சம் வாங்கினோம், மாதக் கணக்கில் அலைந்து. சேரும்போதே அந்த வரியை எழுதி வாங்குங்கள். இன்னொன்று, காரணம் என்ற இடத்தில் கர்ப்பம் என்று மட்டும் எழுதியிருந்தால் பிரசவச் செலவு வரம்புக்குள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நோய் சின்னம்மை நிமோனியா என்று தெளிவாக இருக்க வேண்டும். என் சம்பளமும் ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. பிரசவத்துக்கென்று சேர்த்துவைத்த நகைச் சீட்டுப் பணம் அதோடு தீர்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இதே மருந்து, இதே ஆக்சிஜன், செலவில்லாமல். அந்த ராத்திரியில் அது எங்களுக்குத் தோன்றவில்லை, 108இல் ஏறும்போதே அங்கே போகச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த கஷ்டம். உடம்பு தேறிவிட்டது, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. உறவில் மூத்த ஒருவர் போனிலேயே "20 வாரம் தாண்டுறதுக்குள்ள கலைச்சிரலாம், அப்புறம் முடியாது, குறையோட பிறந்தா என்ன பண்ணுவ" என்றார். போனை வைத்துவிட்டு வாந்தி எடுத்தேன். இரண்டுமே தவறான பேச்சு. சட்டம் 2021இல் திருத்தப்பட்டுவிட்டது. பிள்ளைக்குக் கடுமையான குறை இருப்பது உறுதியானால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு பார்த்து அனுமதிக்க முடியும். அதனால் பயத்தில், ஒன்றும் தெரிவதற்கு முன், அவசரப்பட்டு முடிவெடுக்கத் தேவையில்லை. அடுத்தது, அந்தக் குறை வரும் வாய்ப்பு. முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால், நூறு பிள்ளைகளில் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைக்குத்தான் பாதிப்பு. மீதி எல்லாப் பிள்ளைகளும் தப்பிவிடுகின்றன. இந்த ஒரு எண்ணிக்கையை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பேன். பாதிப்பு வந்தால் அது சின்னதல்ல என்பதும் உண்மை. கை கால் வளர்ச்சி குன்றுவது, தோலில் தழும்பு, கண் சிறுத்துப்போவது அல்லது புரை, மூளை வளர்ச்சிக் குறைவு என்று வரலாம்.

அதைப் பார்க்க ஸ்கேன் உண்டு, ஆனால் உடனே எடுத்தால் ஒன்றும் தெரியாது. தொற்று வந்து குறைந்தது 5 வாரம் கழிய வேண்டும். நாங்கள் அவசரத்தில் பக்கத்து ஸ்கேன் சென்டரில் எடுத்தது வெறும் செலவு, "நார்மல்" என்று வந்த காகிதம் எந்த நிம்மதியும் தரவில்லை. பிறகு கருவிலிருக்கும் பிள்ளைகளுக்கென்றே தனியாகப் படித்த டாக்டரிடம் 22 வாரம் தாண்டி விரிவான ஸ்கேன் எடுத்தோம். நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று, அது நல்ல செலவு. தலையின் சுற்றளவு, மூளைக்குள் நீர் அறைகள், இரண்டு கண்கள், ஒவ்வொரு கை, ஒவ்வொரு கால், விரல்கள், கல்லீரல் என்று ஒன்றொன்றாகத் திரையில் காட்டிச் சொன்னார். பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்கலாமா என்று கேட்டேன். அதில் கிருமி இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நிம்மதி, இருக்கிறது என்று வந்தால் பிள்ளைக்குக் குறை என்று அர்த்தம் இல்லை, கொப்புளம் முழுதாக ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும், ஊசி போடுவதில் சிறு ஆபத்தும் உண்டு என்று விளக்கிவிட்டு முடிவை எங்களிடம் விட்டார். ஸ்கேன் நன்றாக இருந்ததால் நாங்கள் வேண்டாம் என்றோம். இன்னொருவர் வேண்டும் என்று முடிவெடுத்தால் அதுவும் சரிதான். அதன் பிறகும் சில வார இடைவெளியில் வளர்ச்சி ஸ்கேன் தொடர்ந்தது.

கடைசி மாதத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து பிரசவமாகி 2 நாள் வரைக்குள் தாய்க்குக் கொப்புளம் வந்தால் அதுதான் பிள்ளைக்கு மிக ஆபத்தான நேரம். தாயின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகிப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் முன்பே கிருமி போய்விடுகிறது. பிறந்ததும் பிள்ளைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டுக் கண்காணிக்க வேண்டும், முடிந்தால் பிரசவத்தைச் சில நாள் தள்ளிவைக்கப் பார்ப்பார்கள். அதனால் நாள் நெருங்கியவர்கள் பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள், முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு. தாய்ப்பால் கொடுக்கலாம்.

என் மகள் நிறை மாதத்தில் பிறந்தாள். பிறந்ததும் கண் டாக்டர் வந்து விழித்திரை வரை பார்த்தார், காதையும் பார்த்தார்கள், எல்லாம் சரி. வயிற்றில் இருக்கும்போதே கிருமி தொட்டிருந்தால், முதல் ஒன்றிரண்டு வருடத்தில் அக்கி மாதிரி ஒரு பக்கமாகக் கொப்புளம் வரலாம், வந்தால் பயப்படாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை வரவில்லை.

சின்னம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் இல்லை. தனியாரிடம் ஒரு ஊசி இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி வரும், இரண்டு தவணை. உயிருள்ள கிருமியால் செய்தது என்பதால் கர்ப்பத்தில் போடக்கூடாது, போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். என் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானதும் அவளை முதலில் அழைத்துப்போனது ரத்தப் பரிசோதனைக்குத்தான். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தது, ஆச்சி வீட்டுக்கு என்னோடு அவளையும் அல்லவா தூக்கிப்போயிருந்தார்கள். முதல் ஊசி புரட்டாசியில் போட்டாள், இரண்டாவது ஐப்பசியில்.